ஊட்டியைப் பார்த்தாச்சு, நீலகிரியைப் பார்க்க எங்கே போவது?

கேள்வி: நான் திருச்சியில் பள்ளி ஆசிரியை. குடும்பத்தோடு ஊட்டிக்கு மூன்று தடவை வந்துவிட்டோம். ஒவ்வொரு தடவையும் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, சாக்லேட் கடை, அவ்வளவுதான். போன தடவை திரும்பும்போது எட்டாவது படிக்கும் என் மகள், "இந்த மலையில யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த அரையாண்டு விடுமுறையில் நான்கு நாள் வருகிறோம். கணவர், மகள், நாலாவது படிக்கும் மகன், முழங்கால் வலியுள்ள மாமியார். வேன் ஏற்பாடு செய்பவர் ஒருவர், "தோடர் கிராமம் கூட்டிப்போகிறேன், வீட்டுக்குள்ளேயே போகலாம், நடனம், போட்டோ எல்லாம் சேர்த்து அரை நாள்" என்கிறார். போகலாமா? வேண்டாமென்றால் உள்ளூர் வாழ்க்கையை எப்படித்தான் தெரிந்துகொள்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த அரை நாள் பேக்கேஜ் வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தாலும் விட்டுவிடுங்கள். கோத்தகிரியில் இருந்துகொண்டு வெளியூர்க்காரர்களுக்குப் பயண ஏற்பாடு செய்வதுதான் என் தொழில். என்னிடமும் அடிக்கடி இதைக் கேட்கிறார்கள், எல்லோருக்கும் இதையேதான் சொல்கிறேன்.

காரணம் இது. இந்த மலையின் பழங்குடிகளில் ஒருவரான தோடர்களின் ஊரை மந்து என்பார்கள். சில வீடுகள், ஒரு கோயில், எருமைப் பட்டி, சுற்றிலும் புல்வெளி. பாதி பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி வளைந்த கூரையோடு படங்களில் பார்க்கிறீர்களே, அந்த வடிவத்தில் இன்று நிற்பவற்றில் பல கோயில்கள். குடும்பங்கள் பெரும்பாலும் நம்மைப்போல் சாதாரண வீடுகளில்தான் இருக்கின்றன. கோயிலைச் சுற்றித் தாழ்வான ஒரு கல் சுவர் இருக்கும். அதைத் தாண்டித் தோடர் பெண்களே போவதில்லை, ஆண்களிலும் அதற்கென்று உள்ளவர்தான் உள்ளே போவார். வேனில் வந்து இறங்குகிற கூட்டம் நேராக அந்தச் சுவரில் ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறது. ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலேயே ஒரு மந்து இருக்கிறது. பூங்கா பார்க்க வருகிறவர்கள் அப்படியே ஏறிப்போய், திறந்திருக்கும் கதவு வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே யாரோ சமைத்துக்கொண்டிருப்பார்கள், பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும். திருச்சியில் உங்கள் தெருவில் தினமும் இருபது வேன் வந்து நின்று, ஆள் ஆளாக உங்கள் சமையலறையை எட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும்?

தோடர்கள் மொத்தமே ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். சீசனில் ஒரே நாளில் ஊட்டி பூங்காவுக்குள் நுழைகிற கூட்டம் அதைவிடப் பல மடங்கு. இந்தக் கணக்கை மகளிடம் சொல்லுங்கள். பேக்கேஜை ஏன் வேண்டாம் என்கிறோம் என்று அவளுக்கே புரிந்துவிடும்.

உள்ளூர் வாழ்க்கை பக்கம் போகாமலே திரும்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வெளியாள் வந்து போவது ஏற்கெனவே வழக்கமாக இருக்கிற இடங்கள் இந்த மலையில் நிறைய உண்டு: பேருந்து, மார்க்கெட், பேக்கரி, திருவிழா அன்னதானம், சொந்த விருப்பத்தோடு வீட்டைத் திறந்து வைத்திருக்கும் குடும்பம். அங்கெல்லாம் வாடிக்கையாளராக, பயணியாக, விருந்தாளியாகப் போகலாம். யாரும் உங்களுக்காக வேஷம் போட வேண்டியதில்லை.

மகளின் கேள்விக்கு வருகிறேன். அது நல்ல கேள்வி, நீங்கள் கிளம்புவதற்கு முன்பே அவளுக்கு ஒரு பதில் கிடைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த நிலையில் உள்ள பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருப்பது ஆறு சமூகங்களை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறும் நீலகிரியில் இருக்கின்றன. உள்ளூர்ச் சமூகங்களில் எண்ணிக்கையில் பெரியவர்கள் படகர்கள். அவர்கள் ஊர்களை ஹட்டி என்பார்கள். பழங்குடிப் பட்டியலில் அவர்கள் இல்லை. பெட்டி அடுக்கியதுபோல் வரிசையாக வண்ண வீடுகள் மலைச்சரிவில் தெரிந்தால், அது பெரும்பாலும் ஒரு ஹட்டிதான்.

இந்தச் சமூகங்களுக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. தோடர் நெய் கொடுத்தார்கள். கோத்தர் மண்பாண்டமும் இரும்புக் கருவிகளும் செய்து கொடுத்தார்கள், படகர் வீட்டுச் சாவுக்கும் திருவிழாவுக்கும் வந்து வாத்தியம் வாசித்தார்கள். படகர் தானியம் கொடுத்தார்கள். குறும்பர் காட்டிலிருந்து தேனும் மூங்கிலும் கொண்டுவந்தார்கள், மந்திரக் காவலுக்கும் அவர்களைத்தான் கூப்பிட்டார்கள். காசு கைமாறாமல் தலைமுறை தலைமுறையாக நடந்தது இது. வெள்ளைக்காரன் வந்து, தேயிலை வந்து, கடைத்தெரு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துபோனது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் மலையேறி வந்தது 1819-இல். அவர் கட்டிய பங்களா கன்னேரிமுக்கில் இன்றும் இருக்கிறது. உள்ளே சின்ன அருங்காட்சியகம் ஒன்று உண்டு, ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

அப்புறம் 'சிலோன்காரங்க'. நீங்கள் தேயிலைத் தோட்டத்தில் படம் எடுக்கும்போது பின்னால் கூடையோடு நிற்கிறார்களே, அவர்களில் பலர் இந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்த உடன்படிக்கையால் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசு 1968-இல் இங்கே தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. இன்றைய அரசுத் தேயிலை நிறுவனமான டான்டீ அதுதான். திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கண்டிக்குப் போனவர்களின் பேரன் பேத்திகள் இவர்கள். உங்கள் மாமியார் பேருந்தில் பக்கத்து சீட்டு அம்மாவிடம் "எந்த ஊரு?" என்று ஆரம்பித்தால், பேச்சு மணப்பாறையில் போய் நின்றாலும் ஆச்சரியப்படாதீர்கள். முழங்கால் வலிக்காக அவரை விடுதியில் விட்டுவிட்டுப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வயதான ஒருவர் கூட இருந்தால் இந்த மலையில் கிடைக்கிற மரியாதையே வேறு.

தங்குவது எங்கே? ஊட்டி வேண்டாம். கோத்தகிரியில் மூன்று இரவும் ஒரே இடத்தில் தங்குங்கள். இது சின்ன ஊர், குளிரும் ஊட்டியைவிடக் குறைவு. பேருந்து நிலையத்தையும் மார்க்கெட்டையும் சுற்றியே ஊர் முழுக்கக் கூடிக் கலையும். ஹட்டிகளுக்குப் போகும் பேருந்துகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. இரண்டாவது நாளே டீக்கடைக்காரர் உங்கள் பையனை அடையாளம் கண்டுகொள்வார். நாளுக்கு ஒரு ஊர் என்று ஓடினால் இது கிடைக்காது.

ஹோம்ஸ்டே பிடிக்கும்போது போனில் இரண்டு கேள்வி கேளுங்கள். "வீட்டுக்காரர்கள் அதே வளாகத்தில் இருக்கிறார்களா?", "நீங்கள் வீட்டில் சாப்பிடுவதையே எங்களுக்கும் சமைத்துத் தருவீர்களா?" இரண்டுக்கும் ஆமாம் என்றால்தான் ஹோம்ஸ்டே. வாட்ச்மேனிடம் சாவி இருக்கும், சாப்பாடு ஆப்பில் வரவழைத்துக்கொள்ளலாம் என்றால் அது வாடகை பங்களா, உங்களுக்குப் பயன்படாது.

படகர் குடும்பம் நடத்தும் வீடாக இருந்தால் 'அவரை உதக்கா'வும் ராகிக் களியும் கேளுங்கள். அவரைப் பயறை ஊறவைத்துத் தோல் பிதுக்கி, உருளைக்கிழங்கு சேர்த்து, வீட்டில் அரைத்த மசாலாப் பொடி போட்டுச் செய்யும் குழம்புதான் உதக்கா. களியைப் பிட்டு, நடுவில் பெருவிரலால் ஒரு குழி செய்து, குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும். உங்கள் மகன் முதல் வாயை மெல்லத்தான் செய்வான், வீட்டுப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுப்பார்கள். முடிந்தால் பயறு பிதுக்கும்போதே மகளைக் கூட உட்கார வையுங்கள். விரல் நுனியில் அழுத்தினால் பயறு தோலைவிட்டு வழுக்கித் தெறிக்கும். பாத்திரம் நிறைய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அந்த நேரத்தில் பேசாமல் யாராலும் இருக்க முடியாது. அரை நாள் பேக்கேஜில் வராத கதையெல்லாம் அங்கே வரும். இதற்கு வீட்டு அம்மாவிடம் முதல் நாளே சொல்லி, அவருக்குச் சௌகரியமான நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் வரும் காலமும் அருமையான காலம். டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் வாரங்களை ஒட்டித்தான் படகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகை வரும். ஹெத்தை அவர்களின் மூதாதைத் தாய். கோத்தகிரிக்குப் பக்கத்தில் பேரகணியில் பெரிய கூட்டம் கூடும். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். வெள்ளை உடுத்தி, குடைகளோடு, வெறுங்காலில் ஊர் ஊராக நடந்து வருவார்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஹோம்ஸ்டே குடும்பத்திடம் கேட்டுக்கொண்டு பயணத்தை ஒரு நாள் முன்பின் நகர்த்துங்கள். வெளியாட்கள் நின்று கும்பிடத் தடையில்லை. வெள்ளையோ வெளிர் நிறமோ உடுத்துங்கள், செருப்பைத் தூரத்திலேயே விடுங்கள், கோயில் எல்லைக்குள் போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். வட்டமாக ஆட ஆரம்பித்து உங்களையும் கூப்பிட்டால் மட்டும் சேருங்கள். மெதுவான அடிதான், கையும் காலும் ஒரே சீராகப் போகும். மகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள். நீங்கள் பார்க்க வேண்டிய நடனம் இதுதான், யாரும் காசு கொடுத்து ஆடச் சொல்லாத நடனம்.

இதே மார்கழி, தை காலத்தில்தான் தோடர்களின் மொற்பர்த் பண்டிகை முத்தநாடு மந்தில் நடக்கும். கோத்தர்களின் அய்யனோர், அம்மனோர் பண்டிகையும் இதை ஒட்டியே வரும். மொற்பர்த்தில் தோடர் பெண்களே கலந்துகொள்வதில்லை, ஆண்கள் மட்டும்தான். இந்த இரண்டுக்கும் அந்தச் சமூகத்து ஆள் ஒருவர் நேரில் அழைத்தால் போங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். செய்தித்தாளில் படம் வருகிறதே என்று கிளம்பி வருகிறவர்களால் அவர்கள் படும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல.

தோடர்களை எப்படித்தான் சந்திப்பது என்றால், அவர்கள் கைவேலை வழியாகச் சந்தியுங்கள். இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று நடப்பதும் இதில்தான்.

தோடர்கள் போர்த்தும் சால்வைக்குப் புட்குளி என்று பெயர். வெளுத்த கெட்டிப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்புக் கம்பளி நூலால் பெண்கள் தைப்பது. 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் பென்சில் கோடு கிடையாது, அச்சு கிடையாது, சட்டம் கட்டி இழுப்பதும் இல்லை. துணியின் இழைகளைக் கண்ணாலேயே எண்ணி எண்ணி ஊசி போகும். ஒரு இழை தவறினால் வரிசை முழுக்கச் சாயும். ஒவ்வொரு தையலையும் இறுக்கிவிடாமல் நூலைத் துளி தளர்வாக விடுவார்கள். அதனால் பூ வேலை துணிக்கு மேலே புடைத்து நிற்கும், விரலால் தடவினால் தெரியும். கடையில் கொடுப்பது மெஷின் தையலானால் தட்டையாக, எல்லாத் தையலும் அச்சடித்த அளவில் இருக்கும், பின்பக்கம் மெல்லிய ஒட்டுத் துணியோ பாபின் நூலோ தெரியும். கைவேலையில் இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்க்கலாம், அது வெட்கப்படாது. ஒரு முழுச் சால்வைக்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும், அதனால் விலை ஆயிரங்களில்தான் இருக்கும். அவ்வளவு முடியாதென்றால் சின்ன பர்ஸ், புக்மார்க், மேசைத் துணி எடுங்கள். எதை எடுத்தாலும் பேரம் பேசாதீர்கள். தோடர் பெண்களே விற்கும் இடத்திலும், பழங்குடிகளோடு நேரடியாக வேலை செய்யும் அமைப்புகளின் கடைகளிலும் வாங்குங்கள். கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை பல்லாண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறது. புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பித்தவர்களில் அவர்களும் உண்டு. விற்கிற பெண் ஓய்வாக இருந்தால், "ஒரு வரிசை தைத்துக் காட்டுவீர்களா?" என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே ஊசியை எடுப்பார்கள்.

அந்த மாதிரிப் பேச்சில் ஒன்றை மட்டும் கேட்காதீர்கள். ஒரு பெண்ணுக்குப் பல கணவர் என்று பழைய புத்தகத்தில் எதையோ படித்துவிட்டு வந்து, நல்லாப் படித்தவர்களே தோடர் பெண்களிடம் முகத்துக்கு நேராகக் கேட்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் நம் வீட்டுப் படுக்கையறையைப் பற்றிக் கேட்பதற்குச் சமம் அது. எருமையைப் பற்றிக் கேளுங்கள், புல்வெளியைப் பற்றிக் கேளுங்கள். சீகை என்று இங்கே சொல்கிற வாட்டில் மரமும் யூகலிப்டஸும் நட்டு மேய்ச்சல் நிலம் சுருங்கிப்போன கதையை அவர்களே சொல்வார்கள்.

குறும்பர் ஓவியம் இன்னொன்று. கோத்தகிரிக்குக் கிழக்கே, சரிவில் இருக்கிறது வெள்ளரிக்கொம்பை. அந்தப் பக்கத்துப் பாறைகளில் பழங்கால ஓவியங்கள் உண்டு. அந்த மரபில் வந்த ஆலு குறும்பர்கள் இன்று காகிதத்திலும் துணியிலும் வரைகிறார்கள். வேங்கை மரத்துப் பிசின் போன்ற காட்டுச் சாயங்கள்தான் வண்ணம். தேன் எடுப்பதும் திருவிழாவும்தான் பெரும்பாலும் பொருள். பாறை ஓவியம் இருக்கும் இடத்துக்கு மாமியாரோடு போக முடியாது. காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதியும் வேண்டும், யாரோ ஒரு டிரைவர் "எனக்கு வழி தெரியும்" என்றால் நம்பாதீர்கள். ஓவியம் வாங்கினாலே போதும், படத்தில் வரைந்தவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரு காலை நேரத்தைப் பேருந்துக்கு ஒதுக்குங்கள். எட்டரை மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் அடங்கிய பிறகு, ஏதாவது ஒரு ஹட்டி வரை போகும் அரசுப் பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அதே பேருந்தில் திரும்புங்கள். கீழே இறங்கி ஊரைச் சுற்ற வேண்டும் என்பதில்லை. வழியில் தேயிலை மூட்டையோடு எடை போடக் காத்திருக்கும் சிறு விவசாயிகளைப் பார்ப்பீர்கள். நாலு, நாலரை கிலோ பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும் என்று பையனுக்குச் சொல்லுங்கள். பச்சைத் தேயிலைக்கு என்ன விலை என்பதுதான் இந்த மலையில் எப்போதும் ஓடும் பேச்சு. நீங்கள் அதைக் கேட்டுவிட்டால் பக்கத்து சீட்டுக்காரர் இறங்கும் வரை பேசுவார்.

தோட்டத்தில் இலை பறிக்கும் பெண்களை நிறுத்திப் போஸ் கொடுக்கச் சொல்லாதீர்கள். பல இடங்களில் பறிக்கும் எடைக்கு ஏற்பத்தான் கூலி. உங்கள் ஐந்து நிமிடம் அவர்கள் பையில் குறையும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய், பேனா விநியோகமும் வேண்டாம்.

மழையோ, பனியோ, மாமியாருக்கு வலியோ என்றால் ஊட்டிக்கு அருகே முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. குடிசை மாதிரிகள், கருவிகள், நகைகள் எல்லாம் ஒரே இடத்தில். விடுமுறை நாளில் மூடியிருக்கலாம், போன் செய்துவிட்டுப் போங்கள். மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அதற்காக ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

சரி, கடைசியாகச் சில காரியங்கள். 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வந்தால் தேவையில்லை. நீங்கள் கோவை வந்து, மேட்டுப்பாளையத்தில் மாறி, அங்கிருந்து கோத்தகிரிப் பேருந்தில் ஏறுவதே சுலபம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை, ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் எடுத்து வாருங்கள். டிசம்பரில் விடியற்காலைக் குளிர் எலும்பில் இறங்கும். மாமியாருக்கு முழங்கால் உறையும், காலுக்குக் கம்பளி சாக்ஸும் மறக்க வேண்டாம். ஹோம்ஸ்டேயில் தரைத்தள அறை, மேற்கத்திய கழிப்பறை, குளிக்க வெந்நீர் மூன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். புத்தாண்டு வாரத்தில் நல்ல வீடுகள் சீக்கிரம் நிரம்பிவிடும், ஹெத்தை பண்டிகைத் தேதியை விசாரித்துவிட்டு இந்த வாரமே பேசிவிடுங்கள்.